வெளுத்த கொண்டை

நாமக்கல் முட்டைப் பண்ணையொன்றில் கோழிகளின் உடல்நலம் பார்ப்பது என் வேலை. பண்ணைக் கோழிகள் அடைக்கு உட்காருவதில்லை. அன்று அதை நான் யோசிக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பாவாயி அக்காவின் நாட்டுக்கோழி பதினோரு முட்டைகளை அடைகாத்தது. கூடையைச் சுற்றி இறகுகள் கிடந்தன.

"ஏங் கண்ணு, கொண்டை வெளுத்துப் போச்சு, எந்திரிக்கவும் மாட்டேங்குதே?"

எட்டி நின்றே பார்த்தேன். இறகு உதிரும் பருவம், அடைக்கோழி குறைவாகத்தான் தின்னும், அதனால் வெளுப்பு. எல்லாவற்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது.

"சகஜந்தானுங்கக்கா. தொடாம உடுங்க."

"படிச்ச புள்ள சொன்னாச் சரி."

மூன்றாம் நாள் கூப்பிட்டார். கோழி அதே மாதிரி உட்கார்ந்திருந்தது. தூக்கினேன், விறைத்திருந்தது. இரத்தம் குடித்துச் சிவந்த பேன்கள் என் கையில் ஏறின. முட்டைகள் சில்லிட்டிருந்தன.

அக்கா திட்டவில்லை. "அப்பவே தூக்கிப் பாத்திருப்பேன். நீதான் தொடாதீங்கன்ன."

இப்போதெல்லாம் கோழியின் அடியில் கைவிட்டுப் பார்க்காமல் நான் வாய் திறப்பதில்லை.