விதானையாரின் மூத்த மகள்

இரண்டு கிழமைக்கு முன் ஒரு திறப்பு விழாவுக்குப் போயிருந்தேன். கல்முனையிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள்.

இரண்டாம் உலக யுத்தத்தில் மிலிட்டரி ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்தவர் சுலைகா. எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் படலை தாண்டவே யோசித்த காலம் அது! போன வருஷம் மௌத்தாகிவிட்டார். அவர் நினைவாக, கிளினிக்குக்கு வரும் கர்ப்பிணிகள் வெயிலில் நிற்காமலிருக்க ஒரு மண்டபம். நல்ல காரியம்தானே?

மேடை நிறைய ஆண்கள். பெண்களுக்கு ஓலைத்தட்டி மறைவில் பாய். யாருக்காக விழா என்று மேடையைப் பார்த்து ஊகிக்கவே முடியாது...

திரை விலகியது. கல்லில் எம்.பி. பேர், கமிட்டித் தலைவர் பேர், செயலாளர் பேர், ஓரத்தில் மேசன் பாஸின் பேர்கூட. நடுவில் — 'யுத்தத்தில் காயப்பட்டோருக்குப் பணிசெய்த, மர்ஹூம் மீராலெவ்வை விதானையார் அவர்களின் மூத்த மகள் ஞாபகார்த்த மண்டபம்.'

ஊர் அதிகாரம் பார்த்த விதானையார் வாப்பா இருக்கிறார்; சுலைகா எங்கே?

மறதி இல்லை, ஐயா. மரியாதை! எண்பதுகளுக்கு வந்துவிட்டோம்; வீட்டுக்கு வீடு சவூதி கஸெட் ரேடியோ பாடுகிறது. ஆனால் நம் கல்யாணக் கார்டுகளைப் பாருங்கள். மாப்பிள்ளைக்குப் பேர், படிப்பு, உத்தியோகம் எல்லாம் உண்டு. பெண்ணுக்கு? 'இன்னாரின் மூத்த மகள்.' அவ்வளவுதான். அதே பழக்கத்தில் கல்லையும் எழுதிவிட்டார்கள்.

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். சுலைகாவின் தங்கை றாபியா உம்மா.

"தலைவர்! எங்கட ராத்தாட பேரு எங்க?"

தலைவர் மைக்கைப் பொத்தினார். "பொம்புளட பேரக் கல்லுல போட்டா, போறவன் வாறவனெல்லாம் வாசிப்பானே! அதான் மரியாதையா வாப்பாட பேரப் போட்டம்."

"வாப்பாட பேரா? ராத்தா யுத்தத்துக்குப் போகக்குள்ள, எனக்கு அப்பிடி ஒரு மகளே இல்லண்டு வாசல்ல வெச்சிச் சொன்னவரு அவரு! மௌத்தாகும் வரைக்கும் அவட முகத்தப் பாக்கல்ல."

மைக்கைப் பொத்தி என்ன பிரயோசனம்? ஊருக்கே கேட்டது.

"காயப்பட்டுக் கிடந்த அவ்வளவு ஆம்புளயளும் அவட பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. உங்களுக்கு மட்டும் வாய் கூசுதோ?" குரல் உடைந்தது. "புருஷன், புள்ள எண்டு அவக்கு ஆருமில்ல. பேரு ஒண்டுதான் இரிந்திச்சு. அதையும் எடுத்துப்போட்டீங்களே!"

என் முறை வந்ததும், சுலைகா, சுலைகா என்று வாக்கியத்துக்கு ஒரு தடவை சொல்லி வைத்தேன். தலைவர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிறகு கமிட்டி கூடியது. பேரைப் போடலாம் என்று முடிவு. ஆனால் கல்லில் இடம் வேண்டுமே! எம்.பி.யின் பேரில் கை வைக்க முடியுமா? தலைவர் விடுவாரா? செயலாளருக்கோ அடுத்த தேர்தலில் நிற்கும் யோசனை. தன் பேரை எடுத்தால் சாந்தகப்பையையும் எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்றாராம் மேசன் பாஸ்.

நேற்றுப் போய்ப் பார்த்தேன். 'சுலைகா நர்ஸ் ஞாபகார்த்த மண்டபம்' — பளிச்சென்று இருக்கிறது. சிமெந்து பூசி அடைத்தது விதானையாரின் பேரைத்தான்.

கல்லில் இருந்தவர்களில், சண்டைக்கு வர உயிரோடு இல்லாதவர் அவர் ஒருவர்தானே!