இருநூற்றுப் பதினான்காம் எண்

கடல் இல்லாத மதுரைக்கு ஒரு கோடை விடுமுறையில் கப்பல் வந்தது. நூறு வருடங்களுக்கு முன் பனிப்பாறையில் மோதி மூழ்கிய கப்பலைப் பற்றிய கண்காட்சி அது. விளம்பரத்தில் ‘கப்பல்’ கொட்டை எழுத்தில் இருந்தது, ‘மூழ்கிய’ பொடி எழுத்தில். எங்கள் அப்பா கொட்டை எழுத்தை மட்டும் படிக்கிற ரகம்.

அப்போது அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டில் இருந்தாள். மாமாவுக்குச் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறவரிடமிருந்து இரண்டு ஞாயிறாகப் போன் இல்லை. அத்தை குளிக்கப் போனால்கூடப் போனை வாளி பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அவள் மனசு கொஞ்சம் மாறட்டும் என்றுதான் அப்பா எங்களைக் கூட்டிப்போனார்.

வாசல் பலகையை முழுதாகப் படித்ததும் அம்மா நின்றுவிட்டாள்.

“ஏங்க, கூட்டிட்டு வர வேற எடமே கெடைக்கலையா?”

“வந்தது வந்தாச்சு, வாங்க மதினி” என்று அத்தைதான் முதலில் உள்ளே போனாள்.

நுழைவில் ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். அந்தக் கப்பலில் போன ஒருவரின் பெயரும் வேலையும் ஆங்கிலத்தில் இருக்கும், மேலே ஓர் எண். அவர் பிழைத்தாரா இல்லையா என்று கடைசிச் சுவரில் பார்த்துக்கொள்ளலாம். நான்காம் வகுப்பு முடித்திருந்த எனக்குப் புத்தி அதிகம். “எங்க மாமாவுக்கும் ஒண்ணு குடுங்கண்ணே, அவரு கப்பல்லதான் இருக்காரு” என்று கேட்டு வாங்கினேன். இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடுகிற ஆள், எண் இருநூற்றுப் பதினான்கு. என்ன பொருத்தம் என்று பூரித்துப்போய் விவரம் சொல்லி அத்தையிடம் நீட்டினேன். அவள் எண்ணைப் பார்த்துவிட்டுக் கைப்பைக்குள் வைத்தாள்.

சுக்கானைத் திருப்பினோம், ஆடுகிற தளத்தில் நடந்தோம். அன்றைய கடல் எவ்வளவு குளிர்ந்திருந்தது என்று காட்ட ஒரு பனிச்சுவர் வைத்திருந்தார்கள். அப்பா மூன்று எண்ணுவதற்குள் கையை எடுத்தார், நான் ஐந்து. அத்தை உள்ளங்கையைப் பதித்தவள் எடுக்கவேயில்லை. அங்கே நின்ற பையன் “போதும்க்கா” என்று சொன்ன பிறகுதான் எடுத்தாள்.

“தண்ணி இம்புட்டா குளிரும்?” என்றாள், யாரையும் பார்க்காமல்.

கடைசிச் சுவருக்கு நான் முதலில் ஓடினேன். எண்ணும் பெயருமாக இரண்டு பட்டியல்கள், பிழைத்தவர்கள் வெள்ளையில், இறந்தவர்கள் கறுப்பில். அம்மாவும் அத்தையும் நானும் பிழைத்திருந்தோம். அப்பா போய்ச் சேர்ந்திருந்தார். அதற்கு நான் கவலைப்படவில்லை, அவர் பின்னால் பாப்கார்ன் தின்றுகொண்டு வந்தார். ஆனால் இருநூற்றுப் பதினான்கும் இறந்தவர்கள் பக்கம் இருந்தது. யாரும் கேட்காமல் நான்தானே அதை வாங்கினேன்.

“அத்தை, மாமா தப்பிச்சிட்டாரு!” என்று கத்திக்கொண்டே திரும்பி ஓடினேன்.

அத்தை வந்து சுவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். எனக்குப் பயமில்லை, அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. “நல்லது தங்கம்” என்று என் கன்னத்தைத் தொட்டாள். கை இன்னும் சில்லென்று இருந்தது.

பஸ்ஸில் திடீரென்று கேட்டாள்: “அந்தக் கரி அள்ளுன மனுசனுக்குப் பொண்டாட்டி புள்ளைக இருந்திருக்குமாடி?”

தெரியவில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் போனை என் கையில் கொடுத்துவிட்டு, எதையும் தொடாமல் நேரே போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தாள்.

“காலைலதான தலைக்கு ஊத்துன?” என்று அம்மா கேட்டாள்.

“கசகசன்னு இருந்துச்சு மதினி.”

நான்காம் நாள் மாமா கூப்பிட்டார். கப்பலில் போன் பழுதாம். அத்தை அழுதுகொண்டே அவரைத் திட்டினாள். அந்த நான்கு நாளும் என் பொய்தான் அவளைத் தாங்கியது என்று வெகுகாலம் எனக்கு ஒரே பெருமை.

போன வருடம் தெருவில் ஒரு சாவு. துக்கம் கேட்டுத் திரும்பிய அத்தை, எதையும் தொடாமல் நேரே போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். ஈரத்தலையோடு வந்தவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எண்ணை வாசிக்க இங்கிலீஷ் எதற்கு? அன்று செத்தது அந்தக் கரி அள்ளியவர்தான், மாமா இல்லை என்று மனதில் பிரித்துவைத்துக்கொண்டு, அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறாள். அன்றைக்குப் பொய் சொன்னது நான் ஒருத்திதான் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.