இரண்டு தட்டு போதும்

கணவன் கெல்வின் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மகனுடைய பழைய அறைக்குள் போனதைப் பார்த்ததும் கிளெனிஸ் கைவேலையை அப்படியே நிறுத்தினாள். கேட்காமலே நல்லது செய்கிற ஆள் இல்லை அவன். கேட்டால் செய்வான், மறுபடி கேட்டால் முணுமுணுத்துக்கொண்டே செய்வான். அப்படிப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமை மதியம், இறைச்சி அடைத்த பேஸ்டியின் ஓரத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே, வானிலை பேசுகிற குரலில் சொன்னான்.

"பையன் இனிமே பெர்த் ஊர விட்டு இங்க வரப்போறதில்ல. அந்த ரூம உன் தையல் ரூமா ஆக்கிடலாமா, கிளென்?"

கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய தையல் மிஷின் சாப்பாட்டு மேசையில்தான் குடியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் தரைக்கு இறங்கும், தட்டுகளைக் கழுவியதும் மேலே ஏறும். தனக்கென்று ஒரு கதவு, அதைச் சாத்திக்கொண்டு உள்ளே ஒரு மிஷின். அவள் கேட்டிருந்தது அவ்வளவுதான். அதையும் பல வருடத்துக்கு முன்பே கேட்பதை நிறுத்தியிருந்தாள். இப்போது அது தானாக வந்து மேசையில் உட்கார்ந்தபோது, சந்தோஷத்துக்கு முன்னால் சந்தேகம் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டது.

காரணம் இருந்தது. கிளெனிஸ் ட்ரெவர்த்தா, பள்ளிக்கூடச் சிற்றுண்டிக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மூன்டா ஊரில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் யாருக்குக் கண்டம் தப்பினாலும், துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்த அவளுடைய ஒட்டுப்போர்வை ஒன்று அந்த வீட்டுக்குப் போய்விடும். தைப்பது கொஞ்சம்தான். துணி வாங்குவதுதான் அதிகம். வாங்கியதெல்லாம் கெல்வின் கண்ணில் படாமல் வீட்டில் எங்கெங்கோ ஒளிந்திருந்தது. சுற்றுலாப் போகும் காரவான் வண்டியின் இருக்கைகளுக்கு அடியில், கிறிஸ்துமஸ் மரப் பெட்டியில் மரத்துக்குக் கீழே, விருந்தாளிகளின் தலையணை உறைகளுக்குள். பட்டாணிப் பைகளுக்கு அடியில், உறைபெட்டியின் அடித்தட்டில், 'சூப்புக்கு ஆட்டெலும்பு' என்று அவளே எழுதி ஒட்டிய பையில்கூட. இடம் போதாததெல்லாம் சிநேகிதி ரேலீன் வீட்டு கார் கொட்டகையில். புதுத்துணியைத் தைக்குமுன் அலசிக் காயப்போட வேண்டும்; அதையும் ரேலீன் வீட்டுக் கொடியில்தான் காயப்போடுவாள். இரண்டு தடவை அலசினால் புதுசு பழசாகிவிடும். "இதுவா? எவ்வளவு நாளா இருக்கு" என்று கூசாமல் சொல்லலாம்.

கெல்வின் திட்டுகிறவன் இல்லை. "இன்னுமா?" என்பான். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவளால் தாங்க முடியாது.

வியாழக்கிழமை சர்ச் ஹாலில் தையல் கூட்டம். ரேலீன் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே கேட்டாள்.

"கெல்வின் தானா வந்து ரூம் தர்றானா? அடியே, இதுல ஏதோ இருக்கு."

"என்ன இருக்கும்?"

"என் வீட்டுக்காரன் மாரிஸும் இப்படித்தான். ஆசை ஆசையா அலமாரி செஞ்சு குடுத்தான். என்கிட்ட இருக்கற மொத்தத் துணியும் அதுல ஏறுற வரைக்கும் வாயத் தொறக்கல. ஏறின அன்னிக்கு முன்னாடி வந்து நின்னு, 'இது தீர்ற வரைக்கும் புதுசு கெடையாது'ன்னான். செத்தாத்தான் தீரும் அது."

"அலமாரியில எத்தன தட்டு வேணும்னு கேட்டுட்டே இருக்கான் ரேலீன்."

"அதான் பொறி. கொறைச்சுச் சொல்லு."

கிளெனிஸ் குறைத்தே சொன்னாள்.

"ரெண்டா?" என்றான் கெல்வின்.

"ரெண்டு போதும். நான் என்ன கடையா வச்சிருக்கேன்?"

கெல்வின் அளவு நாடாவைச் சுருட்டினான். வாலரூ தானியக் கிடங்கில் காலமெல்லாம் வேலை பார்த்தவன் அவன். இரும்புக் குதிரின் சுவரை விரல் கணுவால் தட்டி, உள்ளே பார்லி எதுவரை நிற்கிறது என்று சொல்லிவிடுவான். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்திருந்தது. அன்றைக்கு அறையைவிட்டு வெளியே வரும்போது, நடையிலிருந்த துணி அலமாரியைப் போகிற போக்கில் ஒரு தட்டுத் தட்டினான். அதன் மேல்தட்டில், குளிர்காலப் போர்வைகளுக்குப் பின்னால், நீலப்பூ போட்ட துணி கட்டுக்கட்டாக இருந்தது. அவன் கொல்லைப் பட்டறைக்குப் போனான்.

தட்டுகள் இரண்டும் அழகாகத்தான் வந்தன. சன்னலோரம் மிஷின் உட்கார்ந்தது. நூல்கண்டுகளை நிறவரிசையில் ஆணிப்பலகையில் மாட்டினாள். காட்டத் தகுந்த துணிகளை மட்டும் மடித்துத் தட்டுகளில் அடுக்கினாள். எதிர்ச்சுவர் மொட்டையாகக் கிடந்தது. அந்த வெறுமை தன்னையே பார்ப்பதுபோல் இருக்கவே, மிஷினைத் திருப்பி அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

மறுநாள், அவள் கழுவிக் கொடுத்த சாப்பாட்டுத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த கெல்வின் சொன்னான்.

"டென்ஸில் போன் பண்ணான்."

டென்ஸில் அவனுடைய தம்பி. அந்தப் பெயரைக் கேட்டதுமே கிளெனிஸ் குழாயை மூடினாள்.

"பொண்டாட்டி மறுபடி வீட்ட விட்டு அனுப்பிட்டாளாம். கொஞ்ச நாள் இங்க தங்கிக்கவான்னு கேக்கறான். பாதி ரூம் சும்மாதானே கெடக்கு? ஒரு கட்டில் போட்டா..."

போன தடவையும் கொஞ்ச நாள்தான். பார்லி விதைக்கிற சமயத்தில் வந்தவன் அறுவடை முடிந்தும் போகவில்லை. சோபாவில் சிகரெட் நாற்றம் இன்னும் இருக்கிறது. அதையெல்லாம் அவள் மன்னித்திருப்பாள். கத்தரிக்கோலைத்தான் மன்னிக்கவில்லை. கைப்பிடியில் சிவப்பு நாடா கட்டிய கத்தரி துணிக்கு மட்டும். காகிதத்தைக்கூட அது தொடக்கூடாது. தையல்காரி வீட்டில் நடை பழகும் குழந்தைக்குக்கூட அது தெரியும். டென்ஸில் அதை எடுத்துப் போய்த் தூண்டில் இரைக்காகக் கணவாய் மீன் வெட்டினான். கேட்டதற்கு, "கழுவித்தானே வச்சேன் அண்ணி" என்றான்.

"வேணாம்னு சொல்லேன்," என்றாள் கிளெனிஸ்.

"எப்பிடிச் சொல்றது? தம்பி. எடம் இல்லேன்னா எடம் இல்லேன்னு சொல்லலாம். எடம் இருக்கே." அவன் ஏற்கெனவே துடைத்த தட்டை மறுபடி துடைத்தான். "நீதானே ரெண்டு போதும்னே."

அப்படியென்றால் ஆரம்பத்திலிருந்தே இது கட்டிலுக்கான அறைதானா? தையல் அறை என்பது அவளை வாயடைக்கப் போட்ட மிட்டாயா? பார்க்கப் பார்க்கக் கெல்வினின் ஒவ்வொரு நல்ல காரியமும் பின்பக்கம் வேறு நிறமாகத் தெரிந்தது. பொய்யைக் காப்பாற்றினால் அறை போகும். அறையைக் காப்பாற்றினால் பொய் மொத்தமும் வெளிச்சத்துக்கு வரும். பாத்திரமெல்லாம் கழுவி முடித்த பிறகு ரேலீனுக்குப் போன் செய்தாள்.

சனிக்கிழமை காலையில் கெல்வின் கணவாய் பிடிக்கத் துறைப்பாலத்துக்குப் போனான். அவன் வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்ததும் ரேலீனின் வண்டி வந்து நின்றது, பின்னால் துணிப்பெட்டிகளோடு.

"மொத்தமுமா? எலும்புப் பையுமா?"

"எல்லாம்."

"பொறியில நீயே போய்த் தலையக் குடுக்கற."

"டென்ஸில் கட்டிலுக்கு அதுவே மேல்."

காரவானையும் நடை அலமாரியையும் காலி செய்தார்கள். கிறிஸ்துமஸ் மரம் தரையில் கிடந்தது. தலையணைகள் சூம்பிப்போயின. தரையிலிருந்து சன்னல் உயரத்துக்குத் துணி ஏறியது. இத்தனையையும் ஒரே இடத்தில் அவளே பார்த்தது இல்லை. ஒவ்வொரு துணிக்கும் ஒரு பொய் சொல்லியிருந்தாள். எந்தப் பொய் எந்தத் துணிக்கு என்பது மட்டும் மறந்துபோயிருந்தது. ரேலீன் விசில் அடிக்கப் பார்த்தாள், காற்றுத்தான் வந்தது.

கெல்வின் வாளியோடு வந்து நின்றான். காலணியைக் கழற்றினான். அறைவாசலில் நின்று இடமிருந்து வலமாகப் பார்த்தான். அந்த ஒற்றை வார்த்தைக்காகக் கிளெனிஸ் காத்திருந்தாள்.

"அந்த எலும்பு சூப்பு எப்ப வரும்னு பாத்துட்டே இருந்தேன்," என்றான்.

நேரே போய் டென்ஸிலுக்குப் போன் போட்டான். நடை முழுதும் கேட்டது. "இல்லடா. எடமில்ல. சத்தியமாடா. கால் வைக்க எடமில்ல. அவ துணி... ஆமா, மொத்தமும். நீ வேணா வந்து பாரு." அவன் குரலில் இத்தனை உற்சாகத்தைக் கிளெனிஸ் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. ரேலீன் அவளைப் பார்த்தாள். அவள் ரேலீனைப் பார்த்தாள்.

ரேலீன் போன பிறகு கெல்வின் பட்டறையிலிருந்து பலகைகளைக் கொண்டுவர ஆரம்பித்தான். அளவாக அறுத்து, இழைத்து, வார்னிஷ் அடித்தவை. கிளெனிஸ் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டவில்லை. வாடைகூட இல்லை.

"எப்ப அறுத்தது இதெல்லாம்?"

"மரம் சும்மாக் கெடந்துது."

"வார்னிஷும் சும்மாக் கெடந்துதா?"

"அந்தப் பக்கத்தப் பிடி கிளென், சாயுது."

பிடித்தாள். எதிர்ச்சுவர் முழுவதற்கும் பலகைகள் கச்சிதமாகப் பொருந்தின. அவளுக்காகச் செய்தானா, தம்பியைத் தடுக்க அவளுடைய துணியைக் கேடயமாக்கினானா, இரண்டுக்கும் சேர்த்தா? கேட்டால் மரத்தைப் பற்றித்தான் பேசுவான். அவன் வாயில் இரண்டு திருகாணி இருந்தது. அவற்றை எடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"இவ்வளவுதானா? வேற எங்கயும் இல்லியே?"

"இல்ல கெல். சத்தியமா இவ்வளவுதான்."

இத்தனை வருடத்தில் துணி விஷயமாக அவள் அவனிடம் சொன்ன முதல் உண்மை அது. அவன் தலையாட்டினான். தலையாட்டிக்கொண்டே கையை நீட்டி, அவள் சாய்ந்து நின்ற சுவரை விரல் கணுவால் மெல்லத் தட்டிப் பார்த்தான்.