பிய்த்தெறிய முடியாத மருந்து

அவர் கையை விரித்துக் காட்டியபோது உள்ளங்கையில் ஒரு கண் பட்டை கசங்கிக் கிடந்தது. குழந்தைகளின் கண்ணை மூடுவதற்காக ஒட்டுகிற, தோல் நிறத்துப் பட்டை. அதன் பசைப் பக்கத்தில் புருவ முடிகள் ஒட்டியிருந்தன. அவருடைய சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற நான்கு வயதுப் பெண்ணுக்கு வலது புருவத்தின் ஓரம் சிவந்து தடித்திருந்தது. "நான் எடுக்கல மேடம். இவ பெரியப்பாதான் பிச்சிப் போட்டுட்டாரு" என்றார் அந்தத் தாய். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் விரும்பியதும் இல்லை.

நெல்லித்தோப்பில் அப்போது இருந்த ஒரு சிறிய தனியார் கண் மருத்துவமனையில் எனக்கு வேலை. டாக்டர் பரிசோதித்து முடித்ததும் பெற்றோரைத் தனியாக உட்கார வைத்து, பிள்ளையின் கண்ணில் என்ன கோளாறு, அதற்கு என்னென்ன வழிகள், எதை முதலில் செய்ய வேண்டும் என்று விளக்கிச் சொல்வதுதான் என் பொறுப்பு. அந்தத் தாய் கடலோரக் குப்பத்திலிருந்து வருபவர். விடியற்காலையில் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்து, மகளுக்குத் தலை பின்னி, பூ வைத்து அழைத்து வருவார். மகளின் இடது கண் மூக்கைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இரண்டு வயதில் திரும்பியதாம். வீட்டில் எல்லோரும் அதிர்ஷ்டம் என்றார்களாம்.

முதல் தடவை வந்தபோதே எனக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. அது அவர் மேல் இல்லை. எங்கள் பெரிய டாக்டர் குழந்தையின் கண்ணை நன்றாகத்தான் பரிசோதித்தார். கைத்திறமையில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தாயின் முகத்தை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த சின்ன டாக்டரிடம் பிரெஞ்சில் பேசினார். இதுபோன்ற ஜனங்களுக்கு விளக்கிப் பயனில்லை, கண்ணாடியும் பட்டையும் எழுதிக் கொடுத்து அனுப்பு, செய்தால் செய்யட்டும் என்றார். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்த ஊரில் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவர்கள் டாக்டர்கள் மட்டும் இல்லை. நானும் படித்தவள். அது அவருக்குத் தோன்றவே இல்லை.

விளக்கினால் புரியாது என்று யாரைச் சொன்னாரோ, அவர் என் முன்னால் உட்கார்ந்து கேட்ட கேள்விகளைப் போல வேறு பெற்றோர் கேட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. திரும்பிய கண் காட்டுவதை மூளை ஒதுக்கிவிடுகிறது, ஒதுக்க ஒதுக்க அந்தக் கண்ணின் பார்வை மங்குகிறது, அதனால் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மூடி, மங்கிய கண்ணை வேலை செய்ய வைக்க வேண்டும் என்று சொன்னேன்.

"ஆப்பரேசன் பண்ணிட்டா சரியாப் பூடும்னு பக்கத்து வூட்ல சொன்னாங்களே?"

"ஆப்பரேஷன் பண்ணா கண்ணு நேரா நிக்கும்க்கா. பார்வை அதால வராது. பார்வைய இப்பவே மீட்டாத்தான் உண்டு. வயசு ஏற ஏறக் கஷ்டம்."

அவர் மகளைப் பார்த்தார். "அப்போ இத்தினி நாளா அதிர்ஷ்டம்னு சொல்லிக்கினு இருந்தமே, அப்பல்லாம் கண்ணு மங்கிக்கினே இருந்துச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அடுத்த தடவைதான் அந்தப் பிய்ந்த பட்டையோடு வந்தார். கதையை அப்போதுதான் முழுதாகச் சொன்னார். குழந்தைக்குக் கண் திரும்பிய அந்தப் பருவத்தில்தான் அவர்கள் வீட்டில் புதிய மீன்பிடி போட்டு ஒன்று வாங்கியிருக்கிறார்கள். வலை நிறைய மீன் வந்திருக்கிறது. கணவனின் அண்ணன்தான் குடும்பத்துக்குத் தலைவர். வந்த மீனுக்கெல்லாம் காரணம் இவள் கண்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். கடலுக்குப் போகும்போதெல்லாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்து, போட்டைப் பார்க்க வைத்துவிட்டுத்தான் தள்ளுவார்கள். அப்படிப்பட்டவர் கண்ணில் பட்டையோடு குழந்தையைப் பார்த்ததும், "லட்சுமி கண்ணைக் கட்டி வெக்கறியா?" என்று கத்தி, ஒரே இழுப்பாக இழுத்திருக்கிறார்.

அவர் குழந்தையை வெறுப்பவராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது. வளையல் வாங்கித் தருவார், தோளில் வைத்துத் திருவிழாவுக்குக் கூட்டிப் போவார், அவள் கேட்டதை மறுக்கமாட்டார் என்றார் தாய். இப்படிக் கொஞ்சிக் கொஞ்சியே ஒரு பிள்ளையின் கண்ணைக் குருடாக்கலாம் என்பதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. அவளுடைய கண் அந்த வீட்டில் எல்லோருக்கும் பயன்பட்டது. அவளுக்கு மட்டும்தான் பயன்படவில்லை.

அந்தத் தாய் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. பட்டையை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கேட்டார்: "யாரும் பிய்க்க முடியாத மாதிரி வேற வழி எதுனா இருக்குதா மேடம்?"

இருந்தது. நல்ல கண்ணில் சொட்டு மருந்து விட்டால் அதன் பார்வை கொஞ்ச காலத்துக்கு மங்கும். மற்ற கண் தானாக வேலை செய்யத் தொடங்கும். எல்லாக் குழந்தைக்கும் அது பொருந்தாது என்பதால் டாக்டர்தான் சொல்ல வேண்டும். உள்ளே போனேன். பெரிய டாக்டர் சலிப்போடு, ஒழுங்காக மருந்து விடமாட்டார்கள், அதனால்தான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை என்று சின்ன டாக்டரைப் பார்த்துப் பிரெஞ்சில் சொன்னார். நான் அவருக்குப் பிரெஞ்சிலேயே பதில் சொன்னேன். அந்தத் தாய் கேட்டது சரியான கேள்வி, அதற்கு உங்களிடம் பதில் இருந்தும் சொல்லாமல் விட்டீர்கள் என்றேன். இத்தனை காலம் என் முன்னால் பேசியதையெல்லாம் அவர் மனதில் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். காது மடல் சிவந்துபோனது. பிறகு குழந்தையை மறுபடி உட்கார வைத்துப் பார்த்து, மருந்தை எழுதினார்.

வெயிலில் கண் கூசும், கருவிழிக்குள் இருக்கும் கண்பாப்பா பெரிதாகத் தெரியும், முகம் சிவந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ மருந்தை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும் என்றெல்லாம் சொல்லி அனுப்பினேன். அந்தத் தாய் ஒன்றையும் தவறவிடவில்லை. கண் கூச்சத்துக்காக மகளுக்கு ஒரு பூப்போட்ட தொப்பி வாங்கிக் கொடுத்தார். வீட்டில் கேட்டதற்கு, பிள்ளை கறுத்துப் போகிறாள் என்று சொல்லியிருக்கிறார். கண்ணாடியை மட்டும் வீட்டில் மறைக்க முடியவில்லை. அதற்காகத் திட்டு வாங்கினார். கழற்றவிடவில்லை. பெரியப்பா வழக்கம்போலக் குழந்தையைக் கரைக்குத் தூக்கிப் போனார். மீனும் வந்தது. இங்கே எங்கள் சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையில், இடது கண்ணால் குழந்தை ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள்.

பார்வை ஓரளவு மீண்ட பிறகும் கண் முழுதாக நேராகவில்லை. இனி அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார் டாக்டர். இதை மறைத்துச் செய்ய முடியாது. ஒருநாள் அந்தத் தாயோடு கணவரும் அவர் அண்ணனும் சேர்ந்து வந்தார்கள். கண்ணை அசைக்கும் தசையைத்தான் சரி செய்வார்கள், மயக்கம் கொடுப்பார்கள், பிறகும் கண்ணாடி வேண்டும், சிலருக்கு இன்னொரு முறை செய்ய வேண்டியிருக்கும் என்று எதையும் ஒளிக்காமல் சொன்னேன். அண்ணன் காதில் வாங்கவே இல்லை.

"பொட்டப்புள்ள. கல்யாண நேரத்துல பாத்துக்கலாம். இப்ப என்னாத்துக்குக் கத்தி வெக்கணும்? அவ கண்ணு நேரானா நம்ம பொழப்பு இன்னா ஆவறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தத் தாய் எழுந்துவிட்டார். மூத்தார் முன்னால் அவர் உட்காரவே மாட்டார் என்று முன்பு சொல்லியிருந்தார். அன்று அவர் முன்னால் உட்கார்ந்திருந்தவர், பேசுவதற்காக எழுந்தார்.

"மாமா, போன வருசத்துலேர்ந்து நான் இவ கண்ணுக்கு மருந்து ஊத்திக்கினு வரேன். நீங்க தூக்கிக்கினு போய்க் காட்டனதெல்லாம் மருந்து ஊத்துன கண்ணுதான். மீனு வரலியா? வந்துச்சி இல்ல? ஒங்க அதிர்ஷ்டம் கடல்ல இருக்குது. எம்பொண்ணு மூஞ்சில தேடாதீங்க."

அண்ணன் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். தம்பி அதுவரை தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் கையெழுத்து போடறேண்ணா" என்று மெல்லச் சொன்னார். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார். வீட்டில் அதன்பிறகு நீண்ட நாள் அடுப்பு தனித்தனியாக எரிந்ததாகக் கேள்விப்பட்டேன்.

அறுவை சிகிச்சை முடிந்து கண் நேரானது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நானும்தான். ஆனால் மீண்டது முழுப் பார்வை இல்லை. இரண்டு கண்ணும் சேர்ந்து ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிக்கிற திறன் அவளுக்கு வரவே இல்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது பந்தை எறிந்தால் அவள் கை முன்பே மூடிவிடும், அல்லது தாமதமாக மூடும். பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். முன்பே அழைத்து வந்திருந்தால் அந்தத் திறன் நிச்சயம் வந்திருக்கும் என்று எந்த டாக்டரும் உறுதி சொல்லமாட்டார். ஆனால் அதிர்ஷ்டத்துக்கும் அலட்சியத்துக்கும் கொடுத்த காலத்தை யார் அவளுக்குத் திருப்பித் தருவது?

அந்த மருத்துவமனையை மூடிவிட்டார்கள். நான் இப்போது உழவர்கரையில் வேறு இடத்தில் அதே வேலையைச் செய்கிறேன். அந்தத் தாய் என்னைத் தேடிக்கொண்டு அங்கேயும் வருகிறார். மகளுக்குப் பத்து வயது ஆகிறது. இப்போதும் வாரத்துக்கு ஒரு குடும்பமாவது அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொண்டு, அல்லது கல்யாணத்துக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டு வந்து உட்காருகிறது. நான் குரலை உயர்த்தாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். எப்போதும் முடிவதில்லை.

போன மாதம் பரிசோதனை முடிந்ததும் அந்தப் பெண் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டே என்னைக் கேட்டாள்: "ஆன்ட்டி, நான் இன்னும் சின்னதா இருக்கும்போதே ஏன் யாரும் என்னை இட்டுக்கினு வரல?"

நான் அவள் அம்மாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனியவில்லை. மகளின் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து, காதில் சரியாக மாட்டிவிட்டு, "நல்லாக் கேளு. என்னையும் கேளு. வூட்டுக்குப் போயி உங்க பெரியப்பாவ எல்லாரு முன்னாடியும் நிக்க வெச்சிக் கேளு" என்றார்.