ஒட்டிவைத்த என் பார்வை

நன்னிலத்தில் என் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் கொலைப்படம் ஒன்று எடுத்தார்கள். ரோட்டில் காயும் நெல்லுக்கு நான் காவல் நின்றதையும் கேமராவில் பிடித்துக்கொண்டார்கள்.

அவர்கள் கூடி எடிட்டிங் செய்தபோது காபி கொண்டுபோனேன். கம்ப்யூட்டரில் ஒரு பெண் வாய்க்காலில் மூழ்குகிறாள். அடுத்து, நெல்லுக்குக் காவல் நின்றபோது அசையாமல் பார்த்த என் முகம்.

“பாட்டிதான் வில்லி. செம லுக்கு,” என்று சிரித்தார்கள்.

பல வருஷத்துக்கு முன் என் மருமகள் குளத்தில் மூழ்கி இறந்தபோது ஊர் என்னைத்தான் சந்தேகப்பட்டது. அப்போது கூச்சத்தில் நான் வாயே திறக்கவில்லை.

“என் மூஞ்சியை எடுத்துடுங்கப்பா.”

“சும்மா இருங்க பாட்டி. உங்களுக்கு எடிட்டிங் தெரியுமா?”

மெயின் சுவிட்சை அணைத்தேன். “என் மூஞ்சியை எடுக்கறதா இருந்தாதான் கரண்டு.”

திட்டிக்கொண்டே என் முகத்தை நீக்கினார்கள். இன்றும் என்னோடு பேசுவதில்லை. பேசாத முகத்தோடு யாரும் எதையும் ஒட்டிவிடலாம் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.