எழுதாமல் விட்ட பன்னிரண்டு கிலோமீட்டர்

ஆஸ்பத்திரியில் அறுவை அறைக்குப் பக்கத்து அறைதான் அக்காவின் ராஜ்ஜியம். கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் நீராவியில் வைத்து எடுத்து, எண்ணித் தட்டில் அடுக்க வேண்டும். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள்தான். ஆனால் எண்ணிக்கையில் அவளை அசைக்க முடியாது. ஒருமுறை ஓர் இடுக்கி குறைகிறது என்று அவள் சொன்னதற்காகப் பெரிய டாக்டரே தையலை நிறுத்திவிட்டுத் தேடினார். அது அவர் காலடியிலேயே கிடந்தது.

அப்படிப்பட்டவள் வாயைத் திறந்தால் தங்கை புராணம்தான். எட்டு வயது இளையவள், அக்கா வீட்டிலேயே இருப்பவள். வீட்டில் அவளுக்குக் குட்டி என்றே பெயர். எலக்ட்ரிகல் டிப்ளமா முடித்து, ஒரு சோலார் கம்பெனிக்காக ஆறு வருஷம் கூரை கூரையாக ஏறி இறங்கியவள், இப்போது தனியாகத் தொழில் தொடங்கியிருந்தாள். ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் கொள்ளும் வாடகை அறை. போர்டு மாட்டி இரண்டு மாதமாகியும் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

அக்காவின் பெருமையைக் கேட்டுக் கேட்டு, எலும்பு டாக்டரம்மா கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார். அக்காவைப்போல் அவரும் மின்சாரக் கார் வாங்கப் போகிறார். முதலில் அக்கா வீட்டில் பேனல் ஏறட்டும். வீட்டுக்கும் காருக்கும் சேர்த்து ஒரு மாதம் அது தாக்குப் பிடித்தால், குட்டியைக் கூப்பிடுவார். பற்றாக்குறை வந்தால் பேச்சே வேண்டாம். குட்டியின் தொழில் எழுந்து நிற்பதும் படுத்துவிடுவதும் தன் வீட்டு மொட்டை மாடியில்தான் இருக்கிறது என்று அக்காவுக்குப் புரிந்துபோயிற்று.

எத்தனை பேனல் வேண்டும் என்று பார்க்கக் குட்டிக்கு ஒரு வழி உண்டு. வீட்டுச் செலவைப் பழைய மின்சார பில் சொல்லிவிடும். அக்காவின் கார் வந்தது போன மாதம்தான். அது எந்தப் பில்லிலும் ஏறவில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டுவீர்கள் என்று வாயால் கேட்டு எழுதிக்கொள்வது மற்றவர்கள் பழக்கம். குட்டி அதை நம்ப மாட்டாள். ஜனங்கள் வயதையும் கிலோமீட்டரையும் ஒருநாளும் உள்ளபடி சொன்னதில்லை என்பாள். அதனால் முப்பது நாள், போய் வந்த ஒவ்வொன்றையும் எழுதியாக வேண்டும்.

அக்கா எழுதினாள். ஆஸ்பத்திரிக்குப் பதினேழு, திரும்ப வரப் பதினேழு. மருந்துக் கடை, மாவு மில். மறந்த கொத்தமல்லிக்காகத் திரும்பிப் போன நானூறு மீட்டரையும் விடவில்லை. நல்ல வேளை, தான் மூச்சு விடுவதை இவள் குறித்துக்கொள்வதில்லை என்றார் அவள் கணவர்.

முப்பத்தொன்றாம் நாள் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் குட்டி கூட்டிப் பார்த்தாள். மொத்தம் தொள்ளாயிரத்து நாற்பது கிலோமீட்டர். ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்று வைத்தால், காருக்குத் தினம் ஐந்தே கால் யூனிட். வீட்டுக்கு எட்டு. வெயில் நாள், மேக நாள் எல்லாம் கலந்து பார்த்தால் ஒரு பேனல் தினம் இரண்டு யூனிட் தரும். பகலில் கார் ஆஸ்பத்திரி வாசலில் நின்றாலும் பரவாயில்லை. அந்த நேரத்து மின்சாரம் தெருக் கம்பிக்குப் போய்விடும், ராத்திரி அதே அளவு திரும்பி வரும். ஆக, ஏழு பேனல். தண்ணீர் டேங்கின் நிழல் படாமல் மாடியில் இருந்த இடமும் சரியாக ஏழுக்குத்தான். அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைந்துவிட்டதில் அக்காவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

ஒப்புக்குச் சரிபார்க்கத்தான் குட்டி கீழே போய்க் காரின் மீட்டரைப் பார்த்தாள். முப்பது நாளில் கார் ஓடியிருந்தது ஆயிரத்து இருநூற்று ஐம்பத்திரண்டு.

"அக்கா, முந்நூத்திப் பன்னெண்டு கிலோமீட்டரை எங்கயோ விட்டிருக்கே."

"நானா?"

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தாள். சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்றுகூடத் தனக்குத் தெரியாது என்று அவர் கையை விரித்தார்.

குட்டி முந்நூற்றுப் பன்னிரண்டை வேலை நாள் இருபத்தாறால் வகுத்தாள். மிச்சமில்லாமல் பன்னிரண்டு வந்தது. பேனாவைக் கீழே வைத்தாள்.

"அக்கா, தினம் சாயங்காலம் நான் எதுல வீட்டுக்கு வர்றேன்?"

"இதென்ன கேள்வி? என்கூடத்தான்."

குட்டியின் வாடகை அறை ஆஸ்பத்திரியைத் தாண்டி ஆறு கிலோமீட்டர். போக ஆறு, வர ஆறு.

"அதை ஏன் எழுதல?"

அக்காவுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "வேலைக்குப் போறது, கடைக்குப் போறது, அதெல்லாம் ஓட்டம். உன்னைக் கூப்பிட வர்றது எதுல சேர்த்தி?"

அவள் கணவர் சிரிப்பை அடக்க மாட்டாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். குட்டி சிரிக்கவில்லை. அவள் முதன்முதலாகக் கூரை ஏறப் போன நாளிலிருந்து, ஸ்கூட்டர் வைத்திருந்த காலத்திலேயே, எந்தத் தெருவில் வேலை என்றாலும் சாயங்காலம் அக்கா வந்து நிற்பாள். ஏறினவள் இறங்கிவிட்டாள் என்று கண்ணால் பார்த்தால்தான் அவளுக்கு அன்றைய பொழுது முடியும். இதை அவள் சொன்னதில்லை. குட்டியும் கேட்டதில்லை.

அந்தப் பன்னிரண்டைச் சேர்த்தால் காருக்குத் தினம் ஏழு யூனிட். எட்டாவது பேனல் வேண்டும். அதற்கு மிச்சமிருந்த இடத்தில் இரண்டு மணிக்கே டேங்கின் நிழல் ஏறிவிடும். ஒரு பேனலில் நிழல் விழுந்தால், அது தன்னோடு கோத்த வரிசை முழுவதன் மின்சாரத்தையும் இழுத்துக்கொண்டு படுத்துவிடும்.

குட்டி மாடியின் வரைபடத்தை மடித்து வைத்தாள்.

"நான் பஸ்ல வந்துட்டா ஏழு போதும்க்கா. ரெண்டு பஸ் மாறணும், அவ்வளவுதானே."

அக்கா மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"இந்த வேலைக்குக் கஸ்டமர் யாரு?"

"நீதான்."

"அப்ப டேங்கை நகர்த்து."

குழாயை உடைக்க வேண்டும், இரண்டு நாள் மேலே தண்ணீர் ஏறாது என்று குட்டி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அக்கா மசியவில்லை. டேங்க் படிக்கட்டு அறைக்குப் பின்னால் போயிற்று. அந்த இரண்டு நாளும் அக்காவின் கணவர் வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கினார். கல்யாணம் செய்தது ஒருத்தியை, மாட்டிக்கொண்டது இரண்டு பேரிடம் என்று படிக்குப் படி புலம்பினார்.

எட்டு பேனலும் ஏறின. அடுத்த மாதம் நான்கு நாள் விடாமல் மழை. அந்த நான்கு நாளும் அக்கா மீட்டர் பெட்டிக்கு எதிரிலேயே பழியாய்க் கிடந்தாள். மாதம் முடிந்தபோது வீடும் காரும் எடுத்தது போக மூன்று யூனிட் மிஞ்சியிருந்தது. அன்று காலை டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே, முதல் நோயாளிக்கும் முன்னால் அக்கா நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை குட்டி டாக்டரம்மாவின் கூடத்தில் உட்கார்ந்து மாடியின் அளவு, பழைய பில், ஆஸ்பத்திரி தூரம் எல்லாம் கேட்டு எழுதினாள். முப்பது நாள் ஓட்டத்தைக் குறிக்க ஒரு நோட்டையும் கொடுத்தாள். பிறகு, இதுவரை யாரிடமும் கேட்டிராத ஒன்றைக் கேட்டாள்.

"யாரையாவது கூப்பிடப் போற வழக்கம் உண்டா டாக்டர்?"

அப்படி எதுவும் இல்லை என்று டாக்டரம்மா உடனே சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை மட்டும் அம்மாவைக் கூட்டிட்டு வருவேன். அதையும் எழுதணுமா?"

"அதைத்தான் முதல்ல எழுதணும்," என்றாள் குட்டி.