ஐ.பி. வக்கீல் தேடிப் போனேன்

குற்றாலத்தில் சிப்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு, நான் ரிட்டயர் ஆனபோது வந்த பணத்தைக் கடனாகக் கொடுத்திருந்தேன். அவர் ஐ.பி. கொடுத்துவிட்டார், அதாவது திவால் மனு. மனு நகலோடு எனக்கு நோட்டீஸ் வந்தது. சீசன் சரியில்லையாம். அதே சீசனில் மெயின் அருவியில் குளிக்க ஒரு மணி நேரம் வரிசையில் நின்றவன் நான்.

இன்று தென்காசி கோர்ட் பக்கம் ஒரு டீக்கடையில், "ஐ.பி. கேஸுக்கு நல்ல வக்கீல் யாரு?" என்று கேட்டேன். இருந்தவர்கள் எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். கடைக்காரர் மட்டும் காசை வாங்கிக்கொண்டு அப்புறம்தான் டீயைக் கொடுத்தார்.

அந்த வக்கீல் ஆபீஸுக்குப் போனேன். மரியாதையாக உட்கார வைத்தார்.

"கடன் எவ்வளவு அண்ணாச்சி? பயப்படாதீங்க. ஒருத்தனும் உங்க வாசலுக்கு வர முடியாது."

"நான் வாங்கினவன் இல்லய்யா, கொடுத்தவன்" என்று நோட்டீஸை நீட்டினேன்.

பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "இது நான் போட்ட மனுல்லா."

"நல்லா எழுதியிருக்கீரு. படிச்சிட்டு எனக்கே அவன்மேல பாவமா இருந்துது."

நான் விடப்போவதில்லை. அடுத்த வாய்தாவுக்குள் எனக்கு ஒரு வக்கீல் வேண்டும். ஆலங்குளம், சிவகிரி பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சுமாராக எழுதினாலும் பரவாயில்லை, அந்தக் கடையில் சிப்ஸ் வாங்கித் தின்னாதவராக இருக்க வேண்டும்.